நிலமும் பாலும் அளந்த கதை



கணிதப் பாடத்தில் பரப்பளவு, கன அளவு என்று வந்தாலே நம் பிள்ளைகளில் பலர், "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் நம் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. வாருங்கள், சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

நிலம் அளப்பது தமிழனுக்குப் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கி.பி. 1001ஐ ஒட்டி, சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. குழி, மா, வேலி என்று கணக்கு வைத்தார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' வட்டத்தின் பரப்பைக் காணவும் வழி சொல்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இன்றும் அது சரியான விடைதான்.

ரப்பர் நம் மாநிலத்துக்கு வந்தது 1877இல். பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோல கங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. பிறகு காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். துரைமார்களின் ஏக்கர் கணக்கும் கூடவே வந்தது.

காட்டை அளக்கச் சங்கிலி பயன்பட்டது. ஒரு சங்கிலி 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி. மரத்துக்கு மரம் 20 அடி, நிரைக்கு நிரை 20 அடி விட்டால் ஒரு மரத்துக்கு 400 சதுர அடி வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு ஏறக்குறைய 109 மரம். அதையே 15 அடிக்கு 25 அடி என்று மாற்றினால் 116 மரம் நிற்கும். இரண்டிலும் கூட்டினால் 40 அடிதான், ஆனாலும் பெருக்குத்தொகை வேறு!

இப்போது என் தாத்தா கதையைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கன்று நடக் குழி வெட்டும் காண்டிராக்ட் அவருக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி என்றுதான் முதலில் பேச்சு. பிறகு, "இரண்டு அடியா வெட்டு. அளவு மூணுல ஒரு பங்கு கூடுது, கூலியும் மூணுல ஒரு பங்கு கூட்டித் தர்றோம்" என்றார்களாம். "அரை அடிதானே, என்னா பெருசு?" என்று தாத்தாவும் சந்தோசமாகத் தலையாட்டிவிட்டார்.

நான் ஆறாம் வகுப்பில் கன அளவு படித்த அன்று சாயங்காலம் கணக்குப் போட்டேன். ஒன்றரை அடிக் குழியில் 3⅜ கன அடி மண். இரண்டு அடிக் குழியிலோ 8 கன அடி மண்! கூலி மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. மண்ணோ இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. "அன்னைக்கு இது தெரியாமப் போச்சேடா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாலுக்கும் கணக்கு உண்டு. தொட்டி 10 அடி நீளம், 3 அடி அகலம் என்றால், பால் ஓர் அங்குலம் உயர்ந்தால் இரண்டரை கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 6¼ கேலன் வீதம் அது 15 கேலனுக்கு மேல். ஆனால் கேலன் மட்டும் போதாது. மழைத் தண்ணீர் கலந்தாலும் கேலன் ஏறுமே! அதனால்தான் 'மெட்ரோலாக்' என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு கேலன் பால் சுமார் 10 ராத்தல் எடை. நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் என்றால் 3 ராத்தல் காய்ந்த ரப்பர் கிடைக்கும். விடியற்காலையில் மங்கு மங்காகச் சேர்த்து, காண்டா கட்டிச் சுமந்து வந்த நம் தாய்மார்களின் கூலி இந்தக் கணக்கைத் தொட்டுத்தான் நின்றது.

1957இல் நாடு சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டிப் பல தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்குதாரர்கள் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பிறர் ஏக்கரில் உழைத்தவர்கள் தங்கள் ஏக்கரைக் கணக்குப் பார்த்த காலம் அது.

1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை பரவியது. ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர், சுமார் 2.47 ஏக்கர். இன்று ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 142 செம்பனை வரும்.

மாணவச் செல்வங்களே! இந்த வாரமே பள்ளித் தோட்டத்துப் பாத்தி ஒன்றை நாடா வைத்து அளந்து பாருங்கள். அதன் பரப்பு எவ்வளவு? ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க எத்தனை வாளி ஊற்ற வேண்டும்? பெற்றோர்களே, வீட்டு நிலப் பத்திரத்தில் உள்ள அளவைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என் தாத்தாவுக்குத் தெரியாமல் போனது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.