முத்திரை வேறு, பட்டறை வேறு

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில், பழைய வீடுகளின் கொல்லைக் கொட்டகைகளில் இன்னும் கிடக்கும் சாமான்களில் ஒன்று, டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் புல்வெளி கூட்டும் வண்டி. இரண்டு சக்கரம், நடுவில் நீளமாக ஒரு பிரஷ், பின்னால் ஒரு துணித் தொட்டி, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது. சக்கரம் உருண்டால் பிரஷ் அதைவிட வேகமாகச் சுழன்று, சருகையும் வெட்டிய புல்லையும் வாரித் தொட்டிக்குள் வீசும். 1876-இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸில் மெல்வில் பிஸ்ஸல் காப்புரிமை வாங்கிய கம்பளம் கூட்டும் கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஐம்பது வயது தாண்டிய இந்த வண்டி பழுதானால், உதிரிபாகம் தேடுகிறவர் முதலில் பார்ப்பது அதன் மேல் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை. அந்த வண்டியைப் பற்றிய தகவல்களிலேயே அதிகம் உதவாதது அந்தப் பெயர்தான் என்பது என் கட்சி. ஒரு பழைய இயந்திரம் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், அதில் எவ்வளவு பாகம் பொது அளவில், பலருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது என்பதே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த புறநகர்க் குடியேற்றம் பெற்ற பிள்ளை இந்த வண்டி. 1947-இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகர் எழத் தொடங்கியது. அதைப் பார்த்து நாடெங்கும் புறநகர்கள் முளைத்தன. வீட்டுக்கு வீடு புல்தரை, மரம், இலையுதிர்காலத்தில் மலைமலையாகச் சருகு. அதைக் குவித்துத் தெருவோரம் கொளுத்துவது அப்போது பல ஊர்களில் வழக்கம். 1970-இன் தூய காற்றுச் சட்டத்தை ஒட்டி அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது, சருகை வாரி எடுத்துப்போவது தவிர வழியில்லை என்றாயிற்று. இழுப்பதற்குச் சிறு டிராக்டரும் தயாராக இருந்தது: 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ‘கப் கேடட்’டையும், 1963-இல் ஜான் டீர் ‘110’-ஐயும் இறக்கியிருந்தன. ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பார்க்கர் கம்பெனி தன் பெயரிலேயே கூட்டும் வண்டி செய்து விற்றது. அறுவடை இயந்திரங்களால் பேர்பெற்ற ஊர் அது; இரும்பை வளைக்கத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தச் சாமான் போய்ச் சேர்ந்தது சியர்ஸ் என்ற பெருங்கடை மூலமாக. 1880-களில் கடிகாரம் விற்கத் தொடங்கிய அந்தக் கடை, தான் விற்ற இயந்திரங்களைப் பெரும்பாலும் தானே செய்யவில்லை. வெளியே செய்வித்து, ‘கிராஃப்ட்ஸ்மேன்’ போன்ற தன் முத்திரையைக் குத்தி விற்றது. யார் செய்தது என்று வாங்குகிறவர் கேட்கவுமில்லை, கடைக்காரர் சொல்லவுமில்லை. ஆனாலும் உண்மை அந்த வண்டியின் மேலேயே எழுதியிருந்தது. சியர்ஸின் மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் குறிக்கும். 143 என்றால் டெகம்சே எஞ்சின், 113 என்றால் எமர்சன் எலக்ட்ரிக், 486 என்றால் இலினாய் மாநிலத்துச் சல்லிவனில் இருக்கும் அக்ரி-ஃபேப். இது கடையின் சொந்தக் கணக்கு வசதிக்காக ஏற்பட்டது. பிற்காலத்தில் பழுதுபார்ப்பவருக்கு ஜாதகம் ஆனது. 1993-இல் சியர்ஸின் பெரிய விலைப்பட்டியல் நின்றது. 2017-இல் கிராஃப்ட்ஸ்மேன் முத்திரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்குக் கைமாறியது. 2018 அக்டோபரில் கடையே திவால் மனு போட்டது. முத்திரைதான் உயிர் என்றால் அந்த வண்டிகளெல்லாம் அன்றோடு பழைய இரும்பாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை; அக்ரி-ஃபேப் இன்றும் கூட்டும் வண்டி செய்துகொண்டிருக்கிறது.

போல்ட், நட் விஷயத்தில் பொது அளவு என்ற இந்த நியாயம் இன்னும் பழையது. 1864-இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் ஒரு யோசனையை முன்வைத்தார்: அமெரிக்காவில் மரையெல்லாம் 60 பாகைக் கோணத்தில், உச்சி தட்டையாக இருக்கட்டும். இங்கிலாந்தில் விட்வொர்த் வகுத்த மரை 55 பாகை, உச்சி உருண்டை. அழகானது, ஆனால் வெட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். சாதாரணப் பட்டறைக்காரர் சாதாரண உளியால் வெட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே செல்லர்ஸின் வாதம். 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகையிலேயே பொது மரைக்கு ஒப்பந்தம் போட்டன. அதனால்தான் 1965-இல் செய்த வண்டியில் துருப்பிடித்து உடைந்த போல்ட்டுக்கு இன்று எந்த இரும்புக்கடையிலும் மாற்று கிடைக்கிறது. அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. நினைக்கத்தான் வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வண்டி நிற்பது போல்ட்டால் இல்லை. பிரஷ் ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தால். அது எந்தக் கடையிலும் கிடைக்காதே? உண்மைதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடமும் அதுதான். சக்கரத்தின் உட்புறம் வட்டமாகப் பற்கள். அவற்றோடு கோத்து இந்தச் சின்னப் பல்சக்கரம் சுழலும். ஷாஃப்டில் ஒரு சிறு இரும்புக் கட்டை நகரும்படி இருக்கும். வண்டி முன்னால் போகும்போது அது பல்சக்கரத்தின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டு பிரஷைச் சுழற்றும்; பின்னால் தள்ளினால் ‘டக் டக்’கென்று வழுக்கிவிடும். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக ஓடி பிரஷை இழுக்க, உள்பக்கத்துப் பல்சக்கரம் பிடி விட்டுப் பின்தங்கும். காருக்கு டிஃபரன்ஷியல் செய்கிற வேலையை இங்கே ஒரு துண்டு இரும்பு செய்துவிடுகிறது. இடதுக்கும் வலதுக்கும் பல்சக்கரம் வேறு வேறு. மாற்றிப் போட்டால் வண்டி ஓடும், பிரஷ் அசையாது. பாகம் வீணாகிவிட்டது என்று கழித்துக் கட்டப்படும் வண்டிகளில் சில, பிரித்து மாட்டும்போது இடம் வலம் மாறியவையாகவே இருக்கும்.

பழைய பல்சக்கரத்தை வைத்து அப்படியே ஒன்றை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளலாமே என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேய்ந்த பல்லை அளந்து அச்சிட்டால் தேய்மானமும் சேர்ந்தே அச்சாகும். ஆனால் பல் எவ்வளவு தேய்ந்தாலும் அதன் எண்ணிக்கை தேய்வதில்லை. சக்கரத்தில் எத்தனை பல், பல்சக்கரத்தில் எத்தனை பல், இரண்டின் மையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டால் மூலப் பல்லின் அளவைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம், அது பொது அளவில் வெட்டிய பல்லாக இருந்தால். பல்லின் சாய்வுக் கோணம் அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலும் 14½ அல்லது 20 பாகை. ஆக, யாரிடமும் இல்லை என்று சொல்லப்படும் பாகமும் முக்கால்வாசி பொதுச்சொத்தாகவே இருக்கிறது. செய்தவர் தனக்கென்று ஒரு விசித்திர அளவு வைத்துக்கொண்டிருந்தால்தான் கதை முடிகிறது.

பொது அளவு இருந்தால் மட்டும் போதாது. அடுத்தவர் செய்து விற்க அனுமதியும் வேண்டும். இதிலும் அமெரிக்க நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகள் துணைக்கு நிற்கின்றன. 1850-இல் மரம் இழைக்கும் இயந்திரத்தின் தேய்ந்த கத்திகளை மாற்றுவது பற்றி வழக்கு. இயந்திரத்தை வாங்கியவர் மாற்றிக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1961-இல் ஏரோ என்ற கம்பெனியின் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. மடக்கும் கூரை வைத்த கார்களில் கூரைத்துணி மூன்று வருடத்தில் கிழிந்துவிடும். மற்ற பாகம் நன்றாக இருக்கும். ஏரோ துணியை மட்டும் தைத்து விற்றது. காப்புரிமை மொத்த அமைப்புக்குத்தான், துணிக்குத் தனியாக இல்லை. ஆகவே துணியை மாற்றுவது பழுதுபார்ப்பதே, புதிதாகச் செய்வதாகாது என்று தீர்ப்பாயிற்று. ஈரச் சருகோடு மடித்து வைத்து மக்கிப்போன தொட்டித்துணிக்கு மாற்று தைத்து விற்கிறவருக்கும் இதே நியாயம் பொருந்தும். சட்டம் அனுமதி தரும், அளவு தராது என்பது சரியான மறுப்பு. காப்புரிமைப் படங்களைத் தேடிப் போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்: எது எதோடு கோக்கிறது என்று அவை அழகாகக் காட்டும், எத்தனை அங்குலம் என்று சொல்லாது. அளவு வேண்டுமென்றால் இன்னொரு பழைய வண்டியைத்தான் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தச் சாமானின் காலமே முடிந்துவிட்டது என்பவர்கள். இலை ஊதும் இயந்திரமும், புல்லைப் பொடித்துத் தரையிலேயே போடும் வெட்டுவண்டியும் வந்தபின் இது எதற்கு என்கிறார்கள். ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் தாங்காமல் கலிஃபோர்னியாவின் கார்மல் 1975-லேயே அதைத் தடை செய்தது, பிறகு பெவர்லி ஹில்ஸும். கூட்டும் வண்டிக்கு எஞ்சினே இல்லை. இழுக்கிற டிராக்டர் புகைவிடுவது வேறு கதை. புது வண்டிகள் இன்றும் விற்கின்றன. பழைய வண்டிக்காரர்கள் அவற்றின் பிளாஸ்டிக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் நியாயம் இருக்கலாம், விவேகம் இல்லை. புதியது விற்கிற வரைக்கும்தான் பல்சக்கரம் செய்கிற பட்டறை ஓடும். பழையதுக்கு மட்டும் என்று எந்த முதலாளியும் ஒரு வார்ப்பச்சைத் திறந்து வைத்திருக்க மாட்டார்.