பேராயர் தேர்வு: தென்னிந்தியத் திருச்சபை

தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பேராயத்தின் தலைமை ஸ்தானம் காலியாகும்போது, அப்பேராயத்தின் பிரதிநிதிகள் கூடி வாக்களித்து அனுப்பும் பெயர்ப்பட்டியலிலிருந்து ஒருவரைச் சினாடு எனப்படும் பொதுச்சபையின் தேர்வுக்குழு தெரிந்தெடுத்து நியமிக்கும் முறையே பேராயர் தேர்வு எனப்படும். பெயர் சொல்லும் உரிமை ஓரிடத்திலும் தெரிந்தெடுக்கும் அதிகாரம் மற்றோரிடத்திலும் இருக்கும் இந்த ஏற்பாடு ஒரு நாளில் உருவானதன்று. அரசன் நியமித்த ஆயர், கம்பெனிக் கஜானாவில் சம்பளம் பெற்ற ஆயர், ஆயரே வேண்டாம் என்ற சபையார் ஆகிய மூன்று சம்பிரதாயங்களும் சென்னையிலும் அதன் தென்புறத்திலும் ஒன்றையொன்று சந்தித்ததன் பயனாகவே அது விளைந்தது.

அவற்றுள் பழமையானது மயிலாப்பூர் மறைமாவட்டம். அது 1606இல் ஸ்தாபிக்கப்பட்டபோது, ஆயரின் பெயரை முன்வைக்கும் உரிமை போர்ச்சுகல் அரசரிடம் இருந்தது. பத்ரவாதோ என்னும் அவ்வுரிமை கோவாவையும் லிஸ்பனையும் பார்த்தே இந்தப் பகுதியின் கத்தோலிக்கரை நெடுங்காலம் வாழவைத்தது. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மயிலாப்பூருக்கு அவ்வுரிமை நீங்க, 1952இல் சென்னை, மயிலை என்ற இரண்டும் ஓர் உயர் மறைமாவட்டமாயின. 2002இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இன்று பரங்கிமலையும் தாம்பரமும் அமைந்துள்ளன. அங்கே வாக்குச்சீட்டு இல்லை. போப்பின் தூதர் இரகசியமாக விசாரித்து அனுப்பும் பெயர்களிலிருந்து போப்பே நியமிக்கிறார்.

ஆங்கிலிக்கர் வழி வேறு. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் பேரில் 1835இல் சென்னைக்கு முதல் பேராயராக வந்த டேனியல் கோரி, ஆங்கிலேய மகுடத்தின் நியமனம் பெற்றவர்; அவருக்கு ஊதியம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருமானத்திலிருந்து வழங்கப்பட்டது. வி. எஸ். அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, அப்பதவியை அடைந்த முதல் இந்திய ஆங்கிலிக்கர் ஆனபோதும், மூலவுரிமை அரசிடமே தங்கியிருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்த பிறகே இந்திய ஆங்கிலிக்கச் சபை அரசின் பிடியிலிருந்து விடுபட்டது.

இதனிடையே 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 ஊழியர்கள், அவருள் இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர், ஒரே திருச்சபைக்கான அறிக்கை வெளியிட்டனர். பிரெஸ்பிட்டீரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908இல் இணைந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபைக்கு ஆயர் பதவி என்பதே ஐயத்துக்குரிய வஸ்து. ஆயர் இருக்கலாம், ஆனால் அவர் சட்டதிட்டத்துக்குட்பட்டும் சபையாரின் சம்மதத்தோடும் ஆளவேண்டும் என்ற சமரசத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 28 ஆண்டுகள் பிடித்தன.

அந்த நெடிய விவாதத்தின் நடுவே நிகழ்ந்ததே 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய அகில உலக மிஷனரி மாநாடு. சீனத்தின் ஹாங்சௌவில் நடக்கவேண்டியிருந்த அது, ஜப்பானியப் போரின் காரணமாக, முந்திய ஆண்டே ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விடுதிகளுக்கு மாற்றப்பட்டது. மிஷனரி இயக்கத் தலைவர் ஜான் மோட் தலைமை வகித்தார். ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் வந்தனர். எடின்பரோவில் 1910இல் நடந்த மிஷனரி மாநாட்டில் கூடிய ஏறக்குறைய 1,200 பேரில் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. தாம்பரத்திலோ ஏறத்தாழப் பாதிப்பேர், மிஷன்களால் தோன்றிய இளைய சபைகளிலிருந்து வந்தவர்கள். பிற சமயங்களைக் குறித்து ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல் எழுப்பிய சர்ச்சையையே இம்மாநாட்டின் சரித்திரமாகச் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது, அது நியாயமன்று. யாரால் யார் தலைவராக்கப்படுவது என்ற கேள்வியை, மிஷன் சங்கங்களின் ஊதியத்தில் வாழ்ந்த சபைகள் உலகத்தார் முன்னிலையில் எழுப்பியதே அதனினும் பெரிய சம்பவம்.

1947 செப்டம்பர் 27இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் திருவிதாங்கூர்ப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் ஐக்கியம் அறிவிக்கப்பட்டு, தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றனர். மதுரை–இராமநாதபுரத்துக்கு நியமனம் பெற்ற ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரி லெஸ்லி நியூபிகினுக்கு வயது 37. சென்னைப் பேராயர் மைக்கேல் ஹாலிஸ், சபை முழுமைக்கும் தலைவரான பிரதமப் பேராயர் பதவியை முதலில் ஏற்றார். சென்னைக்கு இந்தியப் பேராயர் கிடைத்ததோ 1955இல், டேவிட் செல்லப்பாவின் காலத்தில்தான். அவருக்குப் பின் 1965இல் அதே இடத்துக்கு நியூபிகின் வந்தார். நாடு விடுதலை பெற்றுப் பதினெட்டு ஆண்டுக்குப் பின் ஓர் ஆங்கிலேயர் தேர்வானது, நாட்டுப்பற்று வாதங்களை இத்தேர்வுமுறை பொருட்படுத்தவில்லை என்பதற்குச் சான்று.

நடைமுறையில் தேர்தல், பிரதிநிதிகள் கூடும் பேராய மன்றத்துக்கு நெடுமுன்னரே தொடங்கிவிடுகிறது. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு குருசேகரத்தின், அதாவது உள்ளூர்ச் சபை வட்டத்தின், சபையார் தம் கமிட்டிக்கும் பேராய மன்றத்துக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையிலேயே பின்னால் வரப்போகும் பேராயரின் வாக்கு எண்ணப்படத் தொடங்குகிறது என்பதை உள்ளூரார் நன்கு அறிவர். அதனால்தான் ஆராதனை முடிந்த பிறகும் அன்று ஆலய வாசலில் கூட்டம் கலைவதில்லை. மன்றம் கூடும் நாளில் குருமாரும் பொதுநிலையினரும் பட்டியலுக்கு வேண்டிய பெரும்பான்மை அமையும்வரை சுற்று மேல் சுற்றாக வாக்களிக்கின்றனர். அதிக வாக்குப் பெற்றவரே பேராயராவார் என்ற விதியில்லை. சினாடின் குழு அடுத்தவரைத் தெரிந்தெடுத்தால் அதுவும் செல்லும். குறைந்தது மூன்று பேராயர்கள் தலையில் கைவைத்து ஜெபித்த பின்பே அவர் பதவியேற்கிறார்.

மக்கள் தீர்ப்பை மேலிடம் மாற்றிவிட்டது என்ற முறையீடும், உள்ளூர்க் கட்சிகட்டலுக்கு மேலிடமே மருந்து என்ற பதிலும் இவ்விதியின் கூடவே பிறந்தவை, இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் 2013இல் நந்தியால் பேராயத்துக்கு இ. புஷ்ப லலிதா இச்சபையின் முதல் பெண் பேராயரானது இதே வழியில்தான்.

அண்மைக் காலத்தில் சர்ச்சை உச்சியைத் தொட்டது. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தம் 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று. அடுத்த ஆண்டு அந்நீதிமன்றமே சபை நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.