தீர்த்தமலை இரும்புக்கல்லை வகைப்படுத்தியவர்கள்

அரூர் வட்டத்துத் தீர்த்தமலை என்றதும் பலருக்கும் தீர்த்தகிரீசுவரர் கோயில்தான் நினைவுக்கு வரும். நிலவியலில் அது ஓர் இரும்புப் படுகையின் பெயரும்கூட. 1864-இல் நிலவியலாளர்களான வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அன்றைய சேலம் மாவட்டத்தின் காந்த இரும்புப் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தபோது, கஞ்சமலையைப் போலவே தீர்த்தமலையும் ஒரு தொகுதிக்குப் பெயரானது. இந்தக் கல்லைப் பிரித்தறியும் அறிவே அப்போதுதான் இங்கு வந்தது என்று நினைப்பது பிழை. இங்கே இரும்பு உருக்கியவர்களிடம் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வகைப்பாடு இருந்தது. அது ஏட்டில் ஏறவில்லை, செய்முறையில் இருந்தது.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் இந்தச் செய்முறையை 1839-இல் விவரித்தார். அவர் கண்ட தாதுவில் இரும்பு ஆக்சைடு 52 பங்கு, குவார்ட்ஸ் 48 பங்கு. ஏறக்குறைய பாதி வெறும் கல்! அதை இடித்துப் பொடியாக்கி, புடைத்தோ நீரில் அலசியோ குவார்ட்ஸை நீக்கினார்கள். காந்த இரும்புத் தாதுவான மேக்னடைட்டின் அடர்த்தி சுமார் 5.2, குவார்ட்ஸுடையது 2.65, ஒன்று தங்கும், மற்றது பறக்கும். பிறகு மூன்று முதல் ஐந்தடி உயரமுள்ள களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, அடுப்புக்கரி. சில மணி நேரத்தில் வெளிவரும் இரும்புக் கட்டியை மரச் சுத்தியால் அடித்துக் கசடை உதிர்த்து, செந்தணல் ஆறுமுன் கோடரியால் நடுவே பிளப்பார்கள். வாங்கும் கொல்லர் உள்ளே இருக்கும் தரத்தைப் பார்க்க வேண்டுமே. தாதுவை எடையாலும் இரும்பைப் பிளவு முகத்தாலும் தரம் பிரித்த இந்த முறையை வகைப்பாடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அது வெறும் கைப்பழக்கம், அணுக்களின் அமைப்பை அறிந்ததே உண்மையான வகைப்பாடு என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. மேக்னடைட்டில் இருவித மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனிகள் ஸ்பினல் என்ற படிக அமைப்பில் அடுக்கப்பட்டிருப்பதை 1915-இல்தான் எக்ஸ் கதிர்கள் காட்டின. அந்த அடுக்கே அதன் காந்தத்தன்மைக்கும் காரணம். உருக்கியவர்களுக்கு இது தெரிய வழியில்லை. ஆனால் படிக அமைப்பின்படி பிரித்தால் மேக்னடைட் குரோமியத் தாதுவான குரோமைட்டின் உறவாகிறது. மற்றோர் இரும்புத் தாதுவான ஹேமடைட் குருந்தக்கல்லோடு சேர்ந்துவிடுகிறது. குரோமைட்டும் குருந்தமும் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் கிடைப்பவைதாம். அவற்றை இந்த உலையில் போட்டால் வேலைக்கான இரும்பு வருமா? இரும்பு எடுப்பவனுக்கு மேக்னடைட்டும் ஹேமடைட்டும்தான் ஒரே இனம். கேள்வி மாறினால் வகையும் மாறும். கிங்கும் ஃபூட்டும் எந்த மலை என்று கேட்டார்கள், படிகவியலார் எந்த அடுக்கு என்று கேட்டார்கள், உருக்கியவர்கள் எவ்வளவு இரும்பு தேறும் என்று கேட்டார்கள். மூன்றும் அறிவே.

அறிவுக் குறைவால்தான் அத்தொழில் அழிந்தது என்ற வாதமும் நிற்காது. மலிவான அயல்நாட்டு இரும்பு சந்தையைப் பிடித்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் கரிக்கு மரம் வெட்டுவதும் கடினமானது. உருக்கியவர்களின் தொழிலுக்கு இன்று மண்ணில் எஞ்சிய சான்று, தர்மபுரி வட்டாரத்து நிலங்களில் கிடக்கும் இரும்புக் கசடுதான். உங்கள் வயலில் கனத்த, கருத்த, குமிழ் விழுந்த கல் கிடைத்தால் அதை வரப்புக்குப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து தர்மபுரி அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.