நூலகத்தில் உறங்கிய உண்மை

மம்லூக் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 683) கெய்ரோ நகரில் மன்சூரி மருத்துவமனையை எழுப்பினார். அக்கால வழக்கில் அது பீமாரிஸ்தான் எனப்பட்டது. நான்காண்டுகள் கழித்து அந்நகரில் மறைந்த மருத்துவப் பேரறிஞர் இப்னு நஃபீஸ், தமது இல்லத்தையும் நூல்களையும் அம்மருத்துவமனைக்கே வக்ஃபாக எழுதி வைத்தார். நோயாளி படுத்திருக்கும் இடத்திலேயே நூலும் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இக்கொடையில் புலப்படுகிறது.

எனினும், அவர் நூல்களுள் ஒன்றுக்கு நேர்ந்த கதி நம் சிந்தனைக்குரியது. இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு, இடைச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்பது, அரபியர் ஜாலீனூஸ் என அழைத்த கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளாகப் பாடமாக ஓதப்பட்டு வந்த அதனை, இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் எழுதிய விளக்கவுரையில் இப்னு நஃபீஸ் மறுத்தார். அச்சுவரில் துளையே இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்தே இடப்புறத்தை அடைகிறது என்றார். ஓரிரு உரையாசிரியர்கள் இதனைச் சுட்டியிருப்பினும் மருத்துவப் பாடம் மாறவில்லை. ஐரோப்பாவில் செர்வெட்டஸ் 1553இல் இக்கருத்தை வெளியிட்டார்; 1628இல் ஹார்வி இரத்த ஓட்டத்தை முழுமையாக விளக்கினார். எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கைப்பிரதியை ஆராய்ந்து 1924இல் ஜெர்மனியில் ஆய்வேடு அளித்த பின்னரே இப்னு நஃபீஸின் முதன்மை உலகறிந்தது. இடையில் கழிந்தவை 682 ஆண்டுகள்!

இது பழங்காலத்துக் குறை என்று ஒதுக்கிவிட இயலாது. குறைமாதப் பிரசவம் நேரவிருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் சிசுவின் மூச்சுத்திணறல் குறையும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இலேயே ஆய்விதழில் நிறுவினர். பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின. ஆயினும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு அதனைப் பரவலாகக் கையாளுமாறு பரிந்துரைத்தது 1994இல்தான். இதழ்கள் நூலக அடுக்குகளில் இருந்தன. இங்கே தாமதத்தின் விலை சிசுக்களின் உயிர்.

இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சிக்கும் நெடிய வரலாறு உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், புதிய மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்னும் அட்டவணை இதழை 1879இல் தொடங்கினார். அப்பணி 1964இல் கணினிக்கு மாறியது. 1997இல் ‘பப்மெட்’ என்னும் பெயரில் இணையத்தில் எவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. அச்சிதழ் 2004உடன் நின்றுபோயிற்று. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் உள்ளன. மருத்துவர் தமது துறைக்குரிய சொற்களை ஒருமுறை பதிந்து வைத்தால், புதிய கட்டுரை சேரும்போது மின்னஞ்சலில் அறிவிப்பு வந்து சேர்கிறது.

அறிவிப்பு வருவதனால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. வந்ததைப் படிக்கவும், பழைய பாடத்தோடு ஒப்பிட்டு எடைபோடவும், தவறு எனக் கண்டால் தமது சிகிச்சையை மாற்றிக்கொள்ளவும் மருத்துவருக்கு ஓய்வும் துணிவும் வேண்டும். அவற்றை அளிக்கும் பொறுப்பு மருத்துவமனை நிர்வாகங்களுக்கு உண்டு. இப்னு நஃபீஸ் வக்ஃபு செய்த நூல்கள், எடுத்துப் படிப்பதற்கென்றே அங்கு வைக்கப்பட்டவை.