கணினி தன்னைக் காக்கக் கற்ற வரலாறு

வீட்டுக் கணினி பழுதானால் பிள்ளைகளைத்தான் முதலில் கடிந்துகொள்கிறோம். இக்கோளாற்றின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

விண்டோஸ் 95 காலத்தில் பல மென்பொருள்கள் ஒரே டி.எல்.எல். கோப்பைப் பகிர்ந்து பயன்படுத்தின. புதிதாக நிறுவப்படும் மென்பொருள் சில வேளைகளில் அக்கோப்பை நீக்கிப் பழைய பதிப்பை வைத்துவிடும், மற்றவை முடங்கும். கணினி வல்லுநர்கள் இதனை 'டி.எல்.எல். நரகம்' என்றே அழைத்தனர்.

1998-இல் வெளிவந்த விண்டோஸ் 98, பழுதான கோப்பைக் கண்டறிந்து நிறுவல் வட்டிலிருந்து மீட்கும் கருவியைத் தந்தது. விண்டோஸ் 2000, முக்கியக் கோப்புகளின் நகலைத் தனியே சேமித்து, அவை மாற்றப்பட்டால் தானே மீட்டது. 2007-இல் இல்லங்களுக்கு வந்த விஸ்டா, அவற்றை நேரடியாக மாற்றும் உரிமையை நிர்வாகிக்கும் இயல்பாக வழங்கவில்லை.

ஆகவே பெற்றோரே, கணினியை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவுமுன், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'எஸ்எப்சி /ஸ்கேன்நவ்' எனும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டுப் பாருங்கள். பழுது நீங்கினால், பிள்ளையின் பாடவேலைகளும் குடும்பப் படங்களும் தப்பும்.

கணினியை உருவாக்கியோர் ஆளைக் குறைகூறாமல் காரணத்தைத் தேடினர், வழி பிறந்தது. வீட்டிலும் வகுப்பறையிலும் நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே.