முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகர் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் தவிர வேறு உறவில்லை. அங்கே 1908இல் 'மூளை பலவீனமானவர்கள்' என்று அன்றைய சட்டம் அழைத்தவர்களுக்காக அரசு ஒரு காப்பகம் திறந்தது. பிற்காலத்தில் ஃபேர்வியூ என்று பெயர் மாறிய அந்தக் காப்பகம், உச்சத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடைத்து வைத்திருந்தது. எழுவது, உண்பது, உறங்குவது எல்லாம் காப்பகம் வகுத்த நேரப்படிதான். 1917இல் ஒரிகன் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. அதை நடத்திய வாரியம் 1983 வரை நீடித்தது. அதற்குள் சுமார் 2,600 பேருக்கு அறுவை செய்யப்பட்டது. ஃபேர்வியூவிலிருந்து வெளியேற வேண்டுமென்றால் அறுவைக்கு உட்பட வேண்டும் என்பதே பல காலம் நடைமுறையாக இருந்தது. அங்கிருந்தவர்கள் வாய் பேசாதவர்கள் அல்லர். கேட்டார்கள், மறுத்தார்கள், அழுதார்கள், சிலர் ஓடியும் போனார்கள். ஆனால் அவர்கள் சொன்ன எதுவும் ஒரு முடிவாகக் கணக்கில் ஏறவில்லை. 'குரலற்றவர்களுக்குக் குரல்' என்ற வழக்கமான தொடர் இவர்கள் வரலாற்றுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். பறிபோனது குரல் அன்று, சபை.

அறிவுசார் குறைபாடுடையோர் தமக்காகத் தாமே பேசும் இயக்கத்தின் கதையைப் பலரும் 1974 ஜனவரியில் தொடங்குவார்கள். ஃபேர்வியூவிலிருந்து வெளியே வந்தவர்கள் சிலர் சேலத்தில் கூடினார்கள். தம்மை எந்தப் பெயரால் அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, ஊர் வைத்த பட்டம் சலித்துப்போனது, முதலில் நாங்கள் மனிதர்கள் என்ற பொருளில் ஒருவர் சொன்னார். 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற பெயர் பிறந்தது. பெயர் உள்ளேயிருந்து வந்தது என்பது உண்மையிலேயே பெரிய செய்திதான். தமிழில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு வழக்கில் ஏற்றியவர் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி. நல்ல நோக்கத்தோடு வந்த சொல்தான், ஆனாலும் மேலிருந்து இறங்கி வந்த சொல். எனினும் சேலம் கதையில் அந்த ஒரு வாக்கியத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அது சொல்லப்பட்ட இடம் ஒரு கூட்டம் என்பது. முந்தைய ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இவர்களுக்காகவே என்று சொல்லி ஒரு மாநாடு நடந்தது. ஃபேர்வியூவிலிருந்து சிலர் போயிருந்தார்கள். மேடையை நிறைத்திருந்தவர்கள் வல்லுநர்கள். இதை நாமே நடத்தலாமே என்ற எண்ணத்தோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். 1974 அக்டோபரில் ஒரிகன் கடற்கரையில் ஆட்டர் கிரெஸ்ட் என்ற இடத்தில் அவர்கள் கூட்டிய முதல் மாநாட்டுக்கு, எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, 560 பேர் வந்து சேர்ந்தார்கள்.

கூட்டம் நடத்துவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு மன்றம். தலைவர், செயலாளர், பொருளாளர், தீர்மானப் புத்தகம், கடைசியில் யாரும் காதில் வாங்காத நன்றியுரை. இந்தச் சடங்குகளை நாம் கேலி செய்வதற்குக் காரணம், அவை நமக்கு எப்போதும் கிடைத்தவை. சுவீடனில் பெங்ட் நீர்யே என்பவர் இதை வேறு கண்ணால் பார்த்தார். பெற்றோர் அமைப்பு ஒன்றில் பணியாற்றிய அவர் 1960களில், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களின் மன்றங்களில் பேச்சுவரிசை, வாக்கெடுப்பு, தலைமை தாங்குவது போன்ற சபை முறைகள் கற்பிக்கப்பட வழி செய்தார். அதன் பலன் 1970 மே மாதம் மால்மோ நகரில் தெரிந்தது. சுவீடனின் 24 வட்டாரங்களிலிருந்து 50 பிரதிநிதிகள் வந்து மூன்று நாள் விவாதித்தார்கள். அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்களில் பெரிய தத்துவம் எதுவுமில்லை. ஊருக்குள் எங்களைக் கூட்டமாக வரிசைகட்டி நடத்திச் செல்லாதீர்கள். இன்னும் சுவையான வேலை கொடுங்கள். எங்களைப் பற்றி மருத்துவர்களும் ஆசிரியர்களும் பேசும்போது நாங்களும் அங்கே இருக்க வேண்டும். இதே ஆசைகளை ஒவ்வொருவரும் தனித்தனியே பலமுறை சொல்லியிருப்பார்கள். தனியே சொன்னபோது அது அடம்; முன்மொழிந்து வழிமொழிந்து எழுதியபோது தீர்மானம். தீர்மானத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது. மேடையேறியவர்கள் குறைபாடு லேசாக இருந்தவர்கள். பேச்சே வராத பிள்ளைக்காக யார் பேசுவது, பெற்றவள்தானே என்பது அவர்கள் கேள்வி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் பயிற்சி மையங்களையும் போராடி வாங்கித் தந்தவர்கள் பெற்றோர்கள்தாம். ஆனால் பெற்றோரின் கவலையும் பிள்ளையின் உரிமையும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் போவதில்லை என்பதற்குக் கனடாவின் ஒரு வழக்கே சாட்சி. தீர்ப்பில் 'ஈவ்' என்று மட்டும் குறிக்கப்படும் 24 வயதுப் பெண். மனதில் இருப்பதைச் சொல்லில் கொண்டுவர அவளால் ஏறக்குறைய இயலாது. அவள் கருவுற்றால் குழந்தையைத் தானே வளர்க்க நேரும் என்று அஞ்சிய தாய், மகளுக்குக் கருத்தடை செய்ய நீதிமன்ற அனுமதி கேட்டார். அந்த அச்சத்தில் பொய்யில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, அறிவுசார் குறைபாடுடையோரே உறுப்பினர்களாக இருந்த ஒரு குழு இடையீட்டாளராக நுழைந்து அனுமதிக்கு எதிராக நின்றது. 1986 அக்டோபரில் நீதிபதி லா ஃபாரஸ்ட் எழுதிய தீர்ப்பு, மருத்துவத் தேவையில்லாத கருத்தடைக்கு நீதிமன்றம் தன் காப்பாளர் அதிகாரத்தைக் கொண்டு அனுமதி தரவே முடியாது என்றது. பேசக்கூடியவர்கள் பேச இயலாதவளை விட்டுவிட்டு நடந்துவிடவில்லை. அவளைத் தங்களில் ஒருத்தியாக எண்ணினார்கள். அதே கத்தி தங்கள் மேலும் விழுந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. பின்னால் நிற்கும் உதவியாளர்தானே ஆட்டுவிக்கிறார், முன்னால் நிற்பவர் பொம்மைதானே என்பது அது. சேலத்திலும் உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஃபேர்வியூ ஊழியர்களும் உண்டு. சில குழுக்களில் உதவியாளரின் கருத்தே தீர்மானமாக மாறியிருக்கும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் கோப்பு எழுதித் தர அதிகாரியும் உரை எழுதித் தரச் செயலரும் இல்லாத அமைச்சர் எந்த நாட்டில் இருக்கிறார்? உதவி வாங்குவது குற்றமாகத் தெரிவது, வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் போலும். பார்க்க வேண்டியது, உதவியாளரை அமர்த்தவும் விலக்கவும் அதிகாரம் யார் கையில் என்பதை. கைக்குழந்தைப் பருவத்திலேயே நியூசிலாந்தின் காப்பகம் ஒன்றில் விடப்பட்ட ராபர்ட் மார்ட்டின், 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் அங்கே உறுப்பினரானது அதுவே முதல் முறை. அவரும் துணையோடுதான் பணியாற்றினார். வாக்கு அவருடையது.

ஃபேர்வியூ 2000இல் மூடப்பட்டது. 2002 டிசம்பரில் ஆளுநர் ஜான் கிட்ஸ்ஹேபர் கருத்தடைகளுக்காக ஒரிகன் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இதற்கிடையில் சுவீடனிலும் சேலத்திலும் வேர்விட்ட சபை முறையும் நாடு நாடாகப் போய்ப் புது விதிகளைச் சேர்த்துக்கொண்டது. அவற்றில் எனக்குப் பிடித்தது பிரிட்டனின் குழுக்கள் கையாளும் வண்ண அட்டை. பேச்சு புரியாதபோது உறுப்பினர் சிவப்பு அட்டையைத் தூக்குவார். பேசிக்கொண்டிருப்பவர், அவர் பேராசிரியரோ அதிகாரியோ, அங்கேயே நிறுத்தி, எளிய சொற்களில் மறுபடியும் தொடங்க வேண்டும்.