மேஜர் என்ன எடுக்கலாம்? ஒரு சின்ன வரலாறு

இன்னைக்குக் கொஞ்சம் வரலாறு. பயப்படாதீங்க, கடைசியில் பரீட்சை எல்லாம் கிடையாது :-)

என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சிட்டா. போன வாரம் கலைக்கல்லூரி விண்ணப்பத்தைத் தூக்கிக்கிட்டு என் முன்னாடி வந்து உட்கார்ந்தாள். "விரும்பும் பாடப்பிரிவு" என்று மூன்று கட்டங்கள். மூன்றும் காலி. அப்பா பி.காம். என்கிறார். டீச்சர் வேலைக்கு நல்லது என்று அம்மா பி.எஸ்ஸி. கணக்கு என்கிறார். அவளைக் கேட்டால், "தெரியலைண்ணா. நீ எப்படி முடிவு பண்ணின?" என்று திருப்பிக் கேட்கிறாள்.

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். அட்மிஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் பி.காம். என்று எழுதினான். எட்டிப் பார்த்து நானும் எழுதினேன். அவ்வளவுதான் என் லட்சியம்!

அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் லைப்ரரியில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. மேஜர் எடுப்பது என்பது ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருக்கும் வழக்கம் இல்லை. அதை ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ சில பேர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அங்கே மாணவர்கள் பெரும்பாலும் ஒரே பாடங்களைத்தான் படித்தார்கள். கிரேக்கம், லத்தீன், கணக்கு. பிடிக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. மாணவனும் குழம்பவில்லை. குழம்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லையே!

1869ல் சார்லஸ் எலியட் என்பவர் அதன் தலைவர் ஆனார். வேதியியல் ஆசிரியராக இருந்தவர், வயது 35. எல்லா மாணவனுக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது, அவனவனுக்கு எது வருமோ அதை அவனே எடுக்கட்டும் என்பது அவருடைய கட்சி. கட்டாயப் பாடங்களை ஒவ்வொரு வருஷமாகக் குறைத்தார். 1872ல் கடைசி வருஷத்துக்கு விடுதலை. 1879ல் மூன்றாம் வருஷத்துக்கு. 1884ல் இரண்டாம் வருஷத்துக்கு. 1890களின் கடைசியில் முதல் வருஷ ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைத் தவிரப் பெரிதாகக் கட்டாயம் என்று எதுவும் மிஞ்சவில்லை. இதற்குப் பெயர்தான் 'எலெக்டிவ்' முறை. ஆமாம், நம்ம டைம்டேபிளில் இருக்கிற அதே எலெக்டிவ்!

சரி, எல்லாம் சுபமா? இல்லை. முழுச் சுதந்திரம் கிடைத்ததும் நாம் என்ன செய்வோமோ அதையே அவர்களில் பலரும் செய்தார்கள். எந்த வகுப்பு சுலபம், எது காலையில் சீக்கிரம் இல்லை என்று பார்த்து எடுத்தார்கள். நாலு வருஷம் முழுக்க ஆரம்பப் பாடங்களாகவே எடுத்து டிகிரி வாங்கியவர்களும் உண்டு. மாணவர்கள் படிப்புக்குச் செலவிடும் நேரம் ரொம்பக் குறைவு என்று 1903ல் ஆசிரியர் குழு ஒன்றே சொல்லிவிட்டது.

1909ல் எலியட்டுக்குப் பிறகு லாரன்ஸ் லோவெல் வந்தார். சுதந்திரத்துக்கு ஒரு கடிவாளம் போட்டார். டிகிரிக்கு 16 பாடம் என்றால் குறைந்தது 6 ஒரே துறையில் இருக்க வேண்டும், மீதியில் ஒரு பகுதியை மற்ற துறைகளில் பரவலாக எடுக்க வேண்டும். 1914ல் படிப்பை முடித்த மாணவர்களிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் மேஜர் என்று சொல்வதன் அடிப்படை இதுதான். ஒன்றில் ஆழமாகப் போ, மற்றதையும் கொஞ்சம் தெரிந்துகொள். அங்கே இப்போதும் இரண்டாம் வருஷத்தில்தான் துறையை அறிவிக்கிறார்கள். அதாவது கொஞ்சம் ருசி பார்த்த பிறகு.

அதே காலத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது? இங்கேதான் கதை சுடுகிறது.

ஹார்வர்டில் ஒருத்தன் இஷ்டத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த 1904ல், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஒரு பையன் உதவித்தொகையோடு சேர்ந்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. வகுப்பு. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. ஆனால் எஃப்.ஏ.வில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடமும் காலை வாரியது. 1906லும் 1907லும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. பெயர் ராமானுஜன்.

அவருக்கு என்ன படிக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும். அதைத் தனியாக எடுக்கத்தான் வழியில்லை. எலியட்டின் முறை சோம்பேறிக்கு வசதி என்று சிரித்தோமே, அந்த முறை கும்பகோணத்தில் இருந்திருந்தால்?

இன்னொருவர் சி.வி.ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், 1907ல் எம்.ஏ. ஆனால் அன்றைக்கு ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க இந்தியருக்கு வழி இல்லை. நிதித்துறைத் தேர்வு எழுதி அதே 1907ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி ஆனார். அதாவது நம்ம காமர்ஸ் ஆளு! அலுவலக நேரம் போக மற்ற நேரத்தில் பௌபஜாரில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய் சோதனைகள் செய்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருஷம். 1917ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1928ல் ராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு.

நாம எல்லாரும் ராமன் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். நான் பார்ப்பது வேறு. பாடத்திட்டத்தை ஒவ்வொரு காலத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தேர்வே இல்லாத முறையில் ராமானுஜன் அடிபட்டார். முழுத் தேர்வு கொடுத்த முறையில் சோம்பேறிகள் தப்பித்தார்கள். 17 வயசில் ஒருத்தனுக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெரிய பெரிய ஆட்களுக்கே பிடிபடாத விஷயம் என் தங்கச்சிக்குத் தெரியவில்லை என்றால் அதில் அவள் குற்றம் என்ன?

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1978ல் ப்ளஸ் டூ வந்ததிலிருந்து, பத்தாவது முடித்த 15 வயசிலேயே குரூப் எடுத்தாக வேண்டும். லோவெல் முறையில் ருசி பார்த்துவிட்டுத் தேர்வு. இங்கே தேர்வு செய்துவிட்டுத்தான் ருசி. பிடிக்காமல் போனால் அவனவன் தலையெழுத்து!

ஆனாலும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அல்லைடு பேப்பர், நான்-மேஜர் எலெக்டிவ் என்று நாம் கண்டுகொள்ளாமல் விடுகிற பாடங்கள். ஹார்வர்டில் நடந்த அந்தச் சண்டைகளின் மிச்சம் இவற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் வருஷம் நான் எலெக்டிவாக எடுத்தது தமிழக வரலாறு. அதையும் லட்சியத்தோடு எடுக்கவில்லை, அந்த சாரிடம் அட்டெண்டன்ஸ் கெடுபிடி இல்லை என்றார்கள், அதனால் :-) வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவன் இன்றைக்கு உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதுகிறான் என்றால் அந்த இரண்டு மணி நேரம்தான் காரணம். பி.காம். மேல் எனக்குக் கோபமும் இல்லை. வேலை அதில்தான் தேடப்போகிறேன்.

தங்கச்சியிடம் இதைத்தான் சொன்னேன். "எல்லாம் தெரிந்த பிறகு எழுதலாம்னு காத்திருக்காதே. கல்லூரிக்குப் போய் மூணு பாடத்துக்கும் சிலபஸை வாங்கிப் படி. மூணாம் வருஷப் பாடத்தைப் பார்த்தும் பயம் வரலைன்னா அதை எழுது. மத்ததை எலெக்டிவ்ல எடு, இல்லைன்னா சாயங்காலத்துல படி. எதையும் முழுசா விட்டுடாதே."

வரிசையில் நின்ற பையன் கதையையும் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு பென்சிலை எடுத்து முதல் கட்டத்தில் ஏதோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டாள்.

நல்ல பிள்ளை. என்னைவிட உருப்படுவாள்.